நொண்டிச் சூலம்

அனுமந்தன்பட்டியில் சாமி கும்பிடுக்கு வேட்டுப் போடும்போது தவசி சித்தப்பா எங்காவது ஒரு சுவரோடு ஒட்டி நிற்பார். முதல் வேட்டுக்கு ஊர் முழுக்கக் காதைப் பொத்தும், அவர் பொத்தமாட்டார். இரண்டாவது வேட்டுக்கு உதடு வெளுத்துவிடும். மூன்றாவது வேட்டு வெடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வேட்டுப் போடுகிறவன் நடுவில் பீடி பற்றவைக்க நின்றுவிட்டானோ, போச்சு. சித்தப்பாவைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டிவரும்.

பயந்தாங்கொள்ளி என்பார்கள். பயந்தாங்கொள்ளிதான். என் அப்பாவின் கூடப்பிறந்த தம்பி என்பதற்காக நான் பொய் சொல்ல முடியாது. ஆனால் முதலிரண்டு வேட்டை விட்டுவிட்டு மூன்றாவதுக்கு மட்டும் பயப்படுகிற ஆளை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. பாதியைச் சித்தப்பா சொன்னார். மீதியை அவர் மனைவி பஞ்சம்மாள் சின்னம்மா சொன்னார். இருவர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களில் நான் சின்னம்மா பக்கம்.

பிறவியிலேயே சித்தப்பா அப்படித்தான். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். கிணற்றில் நீரிறைக்கக் கமலை ஓட்டச் சொன்னால் வடம் அறுந்துவிடுமோ என்று வடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மாடு தன்பாட்டுக்கு நிற்கும். வெள்ளாமைக்கு ஆகமாட்டான் என்று தாத்தா அவரைப் படிக்கவைத்தார். பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்தது, பையனுக்குப் படம் எழுத நன்றாக வருகிறது என்று. பெரியகுளத்தில் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் டிரேசர் வேலை கிடைத்தது. நிலப் படங்களின் மேல் மெல்லிய மெழுகுத்துணியை விரித்து, அடியில் தெரிகிற கோடுகளை மையால் நகல் எடுக்கிற வேலை. ஒரு கோடு பிசகினால் ஒருவன் வயல் இன்னொருவனுக்குப் போய்விடும். பயப்படுகிறவனுக்கு அதைவிடத் தோதான வேலை கிடையாது. அவர் எடுத்த நகலில் ஒரு கோடுகூடப் பிசகியதில்லை.

அதெல்லாம் ஸ்கேல் பிடித்து எழுதினால். வெறுங்கையால் எழுதினால் மட்டும் இடப்பக்கம் எப்போதும் கொஞ்சம் குட்டையாகிவிடும். கல்யாணமான புதிதில் பெரியகுளத்து வாடகை வீட்டில், வாசல் நிலைக்கு மேலே ஒரு சூலம் எழுதச் சொன்னார் சின்னம்மா. அவர் கெங்குவார்பட்டிக்காரர், பயம் என்றால் என்ன விலை என்று கேட்கிற ஆள். சித்தப்பா முக்காலி மேல் ஏறிக் காவியைக் குழைத்து எழுதினார்.

சின்னம்மா கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "என்னங்க இது, இடது முள்ளு நொண்டுது?"

அழித்துவிட்டு மறுபடி எழுதினார். மறுபடியும் நொண்டியது.

"விடுங்க. நம்ம வீட்டுச் சாமி நொண்டிச்சாமியாவே இருந்துட்டுப் போகட்டும்" என்று சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் குழம்பில் உப்புக் கூடினாலும் பால் திரிந்தாலும் நொண்டிச்சாமி மேல்தான் பழி விழுந்தது.

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்துவிட்டான் என்றார்கள். போடிக்குப் போய்க்கொண்டிருந்த ரயிலின் தண்டவாளத்தையே யுத்தத்துக்கென்று பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதற்கடுத்த தை மாதத்தில், மேப் எழுதத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று பட்டாளத்திலிருந்து சித்தப்பாவின் ஆபீசுக்குக் கடுதாசி வந்தது. ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்கு வயிற்றுவலி, இன்னொருவரின் தாயார் சாகக்கிடந்தார். முடியாது என்று சொல்லவும் தைரியம் வேண்டுமே. அது சித்தப்பாவிடம் இல்லை. அவர் தலையில் விடிந்தது.

சின்னம்மாவுக்கு அப்போது ஐந்து மாதம், தலைப்பிள்ளை. அவரைக் கெங்குவார்பட்டியில் மாமியார் சங்கிலியம்மாள் வீட்டில் விட்டுவிட்டு, "ரெண்டு மாசத்துல வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் போனார். அங்கே ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எங்கே இருக்கிறோம், என்ன வேலை என்று வெளியாளிடம் மூச்சு விடக் கூடாது, கேம்ப் வேலியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஜெயில். படுதா போட்ட லாரியில் ஏற்றி எங்கெங்கோ சுற்றிக் கொண்டுபோய் இறக்கினார்கள். சித்தப்பா இறங்கி நிமிர்ந்து பார்த்தால், எதிரே நிற்பது கெங்குவார்பட்டி மலை. பீரங்கி சுட்டுப் பழக அந்த மலையடிவாரத்து வெற்றுச் சரிவைத்தான் பட்டாளம் பிடித்திருந்தது. பொழுது சாயும்போது மாமியார் ஊரின் அடுப்புப் புகை கண்ணுக்குத் தெரிந்தது.

வேறொருவனாக இருந்தால் வேலிக்கு அடியில் புகுந்து ஒரு எட்டுப் போய்ப் பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு வந்திருப்பான். கேம்பில் பாதிப் பேர் சாராயத்துக்கே அப்படிப் போய்வந்தார்கள். சித்தப்பா போகவில்லை. கடிதம் எழுதினார், அது எங்கெங்கோ சுற்றி, பாதி வரி மை பூசப்பட்டுப் போகும் என்றார்கள். போய்ச் சேர்ந்ததா என்றே தெரியவில்லை. பதில் ஒன்றும் வரவில்லை. வைகாசியில் சின்னம்மாவுக்கு மாதம் முடிந்தது. பிறந்ததா, என்ன பிள்ளை, தாயும் பிள்ளையும் பிழைத்தார்களா, எதுவும் தெரியாது. அடுப்புப் புகையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் சாயங்காலம் அந்தப் பக்கமிருந்து ஒரு கொட்டுச் சத்தம் கேட்டது. கல்யாணக் கொட்டா, சாவுக் கொட்டா என்று காற்றில் பிரித்தறிய முடியாமல் அன்று சோறு இறங்கவில்லை அவருக்கு.

அவருக்கு ஆறுதலாக இருந்தது வேலைதான். மேப் கூடாரத்தில் அவருக்கு மேலே கோவிந்தன் நாயர் என்றொரு ஹவில்தார், பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், வாய் ஓயாத மனிதர். அங்கே பெரிய மேஜையில் மலைச்சரிவின் மேப்பை விரித்து, பீரங்கிக்கு ஒரு குறி, தண்ணீர்க் கிணறுக்கு ஒரு குறி, டெலிபோன் கம்பிக்கு ஒரு குறி, மருந்துக் கூடாரத்துக்கு ஒரு குறி என்று எழுத வேண்டும். பட்டாளத்துக்கென்று சில குறிகள் இருந்தன. இந்த மலைக்கு வேண்டிய பல குறிகள் அதில் இல்லை. இவர்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

"கேட்டோ தவசி," என்பார் நாயர், "இத பார்க்கறவன் ரெண்டு நாளா உறங்காதவன். கையில மங்கின விளக்கு. மேஜைக்கு எதிர்ப்பக்கம் நிக்கான், மேப் அவனுக்குத் தலைகீழ். பக்கத்துல சொல்லிக்கொடுக்க ஆளில்ல. அவனுக்கும் ஒத்தப் பார்வையில மனசிலாகணும். அதுக்குப் பேருதான் குறி."

சித்தப்பாவுக்கு இது பிடித்துப்போயிற்று. குடிசைக்கும் வெடிமருந்துக் கிடங்குக்கும் சதுரம் போட்டால் விளக்கொளியில் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறதென்று கிடங்குச் சதுரத்துக்குள் மை நிரப்பினார். மஞ்சள் பென்சிலால் போட்ட கோடு அரிக்கேன் விளக்கில் காணாமலே போய்விடுகிறதென்று மஞ்சளை ஒதுக்கினார். எழுதிவிட்டு மேஜையைச் சுற்றி வந்து தலைகீழாக நின்று பார்ப்பார். தான் போட்ட குறி ஒன்று பிசகி யாராவது சாகப்போகிறார்கள் என்ற நினைப்பு மட்டும் விடவே இல்லை. ஒரே கிணற்றை மூன்று தரம் அழித்து எழுதுவார். "கிணறு ஒரு விரக்கடை தள்ளிப்போனா ஆரும் சாகில்லடோ" என்று நாயர் சிரிப்பார்.

சிப்பாய்கள் பழகுவதற்காகப் பெரிய பலகை ஒன்றும் எழுதிக்கொடுத்தார். பீரங்கிக்காரன் குறியை எப்படிப் பிடிக்கிறான் என்பதை அதில் காட்ட வேண்டும். முதல் குண்டைக் குறியைத் தாண்டி விழவைப்பான். அதற்கு ஒரு கூட்டல் அடையாளம். இரண்டாவதைக் குறிக்கு முன்னால் விழவைப்பான். அதற்குக் கழித்தல் அடையாளம். இரண்டுக்கும் நடுவே கணக்குப் பார்த்து மூன்றாவதைப் போடுவான். அதற்குச் சித்தப்பா ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

கேம்பின் மேஜருக்கு ஒரு தலைவேதனை இருந்தது. சுடுகிற சரிவுக்குள் ஆடு மேய்க்கிறவர்களும் விறகு பொறுக்குகிறவர்களும் நுழைந்துகொண்டிருந்தார்கள். எல்லை நெடுகச் சிவப்புக் கொடி நட்டார். ஒரு வாரத்தில் ஒரு கொடிகூட மிஞ்சவில்லை. அதில் ஒன்றை ஒரு மேய்ப்பவர் இடுப்பில் பார்த்ததாக நாயர் சத்தியம் செய்தார். 'அபாயம்' என்று தமிழில் எழுதிப் பலகை நட்டார். பலகை அடுப்பெரிக்கப் போயிற்று. மண்டையோடு வரையலாமா என்று மேஜர் கேட்டார். எழுத்து வாசிக்கத் தெரியாதவனும் கண்டவுடனே நிற்கவேண்டும், களவும் போகக் கூடாது, அதற்கு என்ன குறி போடலாம்?

சித்தப்பா யோசித்துச் சொன்னார். பாறையில் எழுதிவிட்டால் யாரும் பிடுங்க முடியாது. சுண்ணாம்பும் காவியுமாகப் பட்டை அடித்து நடுவில் சூலம் எழுதினால், எங்கள் ஆட்கள் அந்த எல்லையை மிதிக்கமாட்டார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நின்றுவிடுவார்கள்.

"நிச்சயமாக நிற்பார்களா?" என்று மேஜர் கேட்டார்.

"நிச்சயமாக நிற்பார்கள்" என்றார் சித்தப்பா. வாழ்க்கையில் ஒன்றை நிச்சயமாக என்று அவர் சொன்னது அப்போதுதான். அதோடு அந்தச் சொல்லையே விட்டுவிட்டார்.

எல்லைக்கோட்டின் மேலேயே எழுதத் தோதான பாறை இல்லை. கொஞ்சம் உள்ளே தள்ளி, யானை உயரத்துக்கு ஒரு பாறை தனியாக நின்றது. தூரத்திலிருந்தே கண்ணில் படும் என்று அதையே தேர்ந்தெடுத்தார். காவலுக்கு இரண்டு சிப்பாய்களோடு போய், நாலு பக்கமும் சுண்ணாம்பு அடித்து, காவிப் பட்டை இழுத்து, ஊரைப் பார்த்த முகத்தில் பெரிய சூலம் ஒன்றை வெறுங்கையால் எழுதினார். மேப்பிலும் அந்த இடத்தில் வட்டத்துக்குள் ஒரு சின்னச் சூலம் போட்டு, ஆள் நடமாட்டம் இல்லை என்று குறித்துக்கொண்டார்.

ஆட்கள் நின்றார்கள் என்பது உண்மைதான். சரிவுக்குள் மேய்ச்சல் நின்றுபோனது, மேஜருக்குச் சந்தோஷம். சுண்ணாம்பும் காவியும் சூலமும் கண்டால் எங்கள் ஊர்க்காரர்கள் நிற்பார்கள், ஆனால் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட மாட்டார்கள் என்பதைச் சித்தப்பா எப்படி மறந்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தேங்காய் உடைப்பார்கள், எலுமிச்சம்பழம் வைப்பார்கள், அடுத்த வாரம் பானையோடு வருவார்கள். வெள்ளிக்கிழமைகளில் பட்டாளம் சுடுவதில்லை என்பதை ஊர் கவனித்து வைத்திருந்தது. வெள்ளிக்கிழமைதானே சாமிக்கும் தோது.

ஆடி பிறந்து, புதிதாக ஒரு பீரங்கிப் பிரிவு கேம்புக்கு வந்தது. சீக்கிரம் சுட்டுப் பழகிவிட்டு அசாம் பக்கம் போக வேண்டிய அவசரம் அவர்களுக்கு. வெள்ளியாவது சனியாவது, மறுநாளே சுடுகிறோம் என்றார்கள். அவர்களுடைய இளம் ஆபீசர் ஒருவர் மேப் கூடாரத்துக்கு வந்து, "முதலில் ரேஞ்ச் பிடிக்க அந்தச் சரிவில் நன்றாகத் தெரிகிற பொருள் எது?" என்று கேட்டார். சித்தப்பா யோசிக்கவே இல்லை. வெள்ளைப் பாறையைக் காட்டினார். தானே பென்சிலைக் கூர்சீவி, ஆபீசரின் மேப்பில் அந்த இடத்தில் ஒரு முக்கோணம் போட்டுக்கொடுத்தார். "அருமையான குறி" என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை சித்தப்பா கஞ்சி வாங்கச் சமையல் கொட்டகைக்குப் போனார். மேப் தாளைத் துணியில் ஒட்டக் கஞ்சிப்பசை வேண்டும். கொட்டகை வேலியோரத்தில் இருந்தது. பால்காரன் சுருளியாண்டி அதுவரைதான் உள்ளே வரலாம். கெங்குவார்பட்டிக்காரன். அவனைக் கண்டால் சித்தப்பா எப்போதும் திரும்பிப் போய்விடுவார், வாய்தவறி எதையாவது கேட்டுவிடுவோமோ என்று. அன்று பானை அடுப்பில் இருந்ததால் தட்டிக்கு இந்தப் பக்கம் காத்து நின்றார்.

"இன்னைக்குச் சுருக்காப் போகணும்ணே" என்று சமையல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான் சுருளியாண்டி. "ஆடி வெள்ளில்ல. ஊரே அங்கன போயிருச்சு, பொங்க வைக்க."

"எங்கனப்பா?"

"புதுச் சாமிக்கு. பாறையில தானா வந்த சாமிண்ணே. வெள்ளையும் காவியுமா பட்டை, நடுவுல சூலம். இம்புட்டுக் குண்டு விழுதே, அந்தப் பாறையில ஒரு கீறல் உண்டா? சங்கிலியம்மா மக பஞ்சம்மானு ஒரு பிள்ள. புருசன் பட்டாளத்துக்குப் படம் எழுதப் போனவரு, ஆளு தகவலே இல்ல. கைப்பிள்ளயத் தூக்கிக்கிட்டு வெள்ளி தவறாம மொத ஆளாப் போறது அவதேன். பொம்பளப்பிள்ள. அப்பன் சாடையாம்."

பொம்பளப்பிள்ளை. தாயும் உயிரோடு இருக்கிறாள், பிள்ளையும் உயிரோடு இருக்கிறது. மாதக்கணக்காகச் சித்தப்பாவின் நெஞ்சில் கிடந்த கல் அப்படியே இறங்கியது. "தட்டியப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டேன்" என்று என்னிடம் சொன்னார். அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம் இருந்தது.

அப்போது பீரங்கி வெடித்தது. தலைக்கு மேலே துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் போனது. தூரத்தில் மலைப்பக்கம் பொத்தென்று விழுந்தது.

கூட்டல் அடையாளம்.

கஞ்சிப்பானையை அவர் எப்போது தூக்கினார், எப்போது போட்டார் என்று தெரியவில்லை. கை முழுக்கக் கொதிக்கிற கஞ்சியோடு மேப் கூடாரத்துக்கு ஓடினார். வழியில் கூடாரக் கயிறு தட்டி விழுந்தார். எழுந்தபோது இரண்டாவது வெடித்தது. இது கிட்டே, பாறைக்கு இந்தப் பக்கம் விழுந்தது என்று சத்தத்திலேயே தெரிந்தது. அவருக்குத் தெரியாததா? பலகை எழுதியவர் அவர்தானே.

நாயர் டெலிபோன் பெட்டியின் பக்கத்தில் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். "எந்தாடோ, கையில என்ன?"

"நிறுத்தச் சொல்லுங்க. பாறையில சனம் இருக்கு. பொம்பளைக, பிள்ளைக, என் பெஞ்சாதி..."

நாயர் மேப்பைப் பார்த்தார். வட்டத்துக்குள் சின்னச் சூலம். "நீதானே எழுதி வச்சிருக்க, ஆளில்லான்னு? ஆபீசர் மேப்பிலயும் அப்படித்தானே இருக்கு. ஞான் ஆரோட ஆர்டர்னு சொல்லும்? மேஜர் சாப் வரட்டும்..."

சித்தப்பா மேஜையைப் பார்த்தார். கிணற்றுக்குக் குறி இருந்தது, கம்பிக்கு இருந்தது, மருந்துக்கு இருந்தது. பானை தூக்கிக்கொண்டு வருகிற பொம்பளைகளுக்கு அவர் ஒரு குறியும் எழுதவில்லை. மூன்றாவதுக்குக் கணக்குப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? புது ஆட்கள், கொஞ்சம் கூடவே ஆகலாம். ஆகாமலும் போகலாம்.

நாயரைத் தள்ளிவிட்டு டெலிபோனைப் பிடுங்கினார். முதுகுக்குப் பின்னால் யாராவது தும்மினாலே திடுக்கிடுகிற மனிதர், கம்பியின் மறுமுனையில் இருந்த வெள்ளைக்காரன் காது கிழியக் கத்தினார்: "ஸ்டாப்! ஸ்டாப்! ஸ்டாப்!"

அந்தச் சொல்லைச் சிப்பாய்களுக்கான பலகையில் கடைசி வரியாக அவரே எழுதியிருந்தார். ஆபத்தைக் கண்டால் அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொன்னது யார் என்று பீரங்கிக்காரன் கேட்கக் கூடாது. கேட்கவில்லை. மறுமுனையில் அதே சொல்லை யாரோ திருப்பிச் சொன்னார்கள். பிறகு சத்தம் இல்லை. ஆனால் அந்தச் சொல் பீரங்கிக்குப் போய்ச் சேருமுன்பே மூன்றாவதைப் போட்டுவிட்டால்? சித்தப்பா டெலிபோனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாயர்தான் அதை மெல்ல வாங்கிக் கீழே வைத்தார்.

இரண்டாவது குண்டு எங்கே விழுந்தது? அந்த எண்ணம் அப்போதுதான் வந்தது. கூடாரத்தை விட்டு வெளியே ஓடினார். அத்தனை மாதமாகத் தொடக்கூடப் பயந்த வேலியை ஒரே தாவலில் தாண்டினார். வேட்டி கம்பியில் மாட்டிக் கிழிந்தது. காவல்காரன் கத்தியது காதில் விழவில்லை. ஆடிக்காற்று எதிரே தள்ளியது. மண் கண்ணில் அடித்தது. ஓட ஓட, மூன்றாவது எந்த நேரமும் தலைக்கு மேலே கிழித்துக்கொண்டு போகும் என்று காது பின்னாலேயே இருந்தது.

பாறைக்கு இந்தப் பக்கம் பெரிய குழி. அதைச் சுற்றி அரிசி சிதறிக் கிடந்தது. குழிக்குச் சற்றுத் தள்ளி மாமியார் சங்கிலியம்மாள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், விரலிடுக்கில் ரத்தம். முதல் குண்டு மலைப்பக்கம் விழுந்ததும் எல்லோரும் பாறைக்கு இந்தப் பக்கம் ஓடிவந்திருக்கிறார்கள். அடுத்தது இந்தப் பக்கமே விழுந்திருக்கிறது. சண்முகத்தாய் என்கிற பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாகப் பதில் வந்தது.

"பஞ்சு எங்கத்தே? பஞ்சு எங்க?" மாமியாரை உலுக்கினார். சங்கிலியம்மாள் அவர் வாயையே பார்த்தார். அவருக்கு எதுவும் கேட்கவில்லை. அதில் இடது காது பிறகு கடைசிவரை கேட்கவே இல்லை.

சித்தப்பா குழிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே உடைந்த பானை ஓடுகள் மட்டும்தான் கிடந்தன.

பாறையைச் சுற்றி மறுபக்கம் போனார். ஊரைப் பார்த்த முகத்தில், அவர் எழுதிய சூலத்துக்கு நேர் கீழே, பாறை உள்வாங்கியிருந்த பள்ளத்தில் சின்னம்மா குனிந்து உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் ஓடியபோது அவர் ஓடவில்லை. முதுகு முழுக்கச் சுண்ணாம்புத் தூள். மடிக்குள் பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அப்படி ஒரு இனிமையான அழுகையைத் தான் கேட்டதே இல்லை என்பார் சித்தப்பா.

சின்னம்மா நிமிர்ந்தார். கிழிந்த வேட்டி, கொப்பளித்த கை, முழங்காலில் ரத்தம். "இப்பத்தேன் வழி தெரிஞ்சுச்சாக்கும்?" என்றார்.

சித்தப்பாவுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "இங்கன எதுக்கு வந்த நீ? பச்சப்பிள்ளயத் தூக்கிக்கிட்டு இங்கன எதுக்கு வந்த? இது சாமி இல்ல பஞ்சு! இது நான் எழுதுனது!"

"தெரியும்."

"தெரியுமா?"

"இடது முள்ளு நொண்டுதே. மொத நாளு பாத்தப்பவே தெரியும். ஊருதேன் சாமி கும்பிட வந்துச்சு. நான் எந்தச் சாமியக் கண்டேன்? உசுரோட இருக்காக, இந்தப் பக்கம் எங்கனயோதேன் இருக்காகன்னு தெரிஞ்சுச்சு. பிள்ளைக்கு அப்பன் மொகத்தக் காட்ட முடியல, கையவாச்சும் காட்டுவோம்னு வெள்ளிக்கு வெள்ளி தூக்கிட்டு வந்தேன்."

"பஞ்சு, யாரும் வரக் கூடாதுன்னுதேன் அத எழுதுனேன்."

"அது எனக்கு எப்புடித் தெரியும்?" என்று அப்போதுதான் அழுதார் சின்னம்மா. "ஒங்க கையக் கண்டுட்டு நான் எப்புடிங்க வராம இருப்பேன்?"

பிள்ளையை நீட்டினார் சின்னம்மா. வெந்த கையில் காய்ந்த கஞ்சி அப்பியிருந்தது. முழங்கையை மடக்கி அதில் வாங்கிக்கொண்டார். அந்தப் பிள்ளைதான் எங்கள் மாயக்காள். அவளை முதன்முதலாக ஏந்திக்கொண்டு நின்றபோதும் தன் காது பீரங்கி இருந்த திசையிலேயே இருந்தது என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார்.

விசாரணை நடந்தது. ஸ்டாப் சொன்னதில் குற்றமில்லை என்று நாயர் சாட்சி சொன்னார். வேலி தாண்டியதற்கும் பாறையில் சாமி எழுதியதற்கும் சேர்த்து மேஜர் இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். போவதற்கு முன் சிப்பாய்கள் பாறை மேல் தாரை ஊற்றி மூடினார்கள். அதற்கப்புறம் சித்தப்பா ஆபீசில் ஸ்கேல் பிடித்து எழுதியதைத் தவிர வெறுங்கையால் ஒரு கோடு எழுதியதில்லை. மாயக்காள் கல்யாணத்துக்கு வாசலில் நல்வரவு எழுத ஆள் கிடைக்காமல் நாங்கள் கெஞ்சியபோதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். பெரியகுளத்து வாசல் நிலை மேல் இருந்த சூலத்தையும் அழிக்கப் போனார். சின்னம்மா முக்காலியைப் பிடுங்கிக்கொண்டார்.

இப்போதும் வேட்டுப் போடுகிற நாளில் அவர் சுவரோடு ஒட்டி நின்றால், சின்னம்மாவும் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். மூன்றாவது வெடித்ததும், "வெடிச்சிருச்சு, வாங்க சாப்பிட" என்று கூட்டிக்கொண்டு வருவார். சில வருஷம் மூன்றாவது வேட்டு நமத்துப்போய் வெடிக்காது. கூட்டம் கலைந்து, பந்தி பரிமாறி முடிந்து, இலை எடுத்த பிறகும் அந்த இருவரும் அங்கேயே கையைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருப்பார்கள்.